நாள் முழுக்க உட்காரும் நாற்காலி: இருக்கைப் பொருளைப் பார்த்து வாங்கவும் பழையதைச் சரிசெய்யவும் முழுமையான வழிகாட்டி

அலுவலக நாற்காலி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதுகுச் சாய்வைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு கைப்பிடி, பிறகு சக்கரம். எட்டு மணி நேரம் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கப்போகிற இருக்கையை ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்து, "மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கடையில் மெத்தென்று இருப்பது மூன்றாம் மணி நேரத்தில் என்ன செய்யும் என்பது வேறு கதை.

இருக்கையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். எலும்பு வலிக்கிறதா என்பதை உள்ளே இருக்கும் ஃபோம் தீர்மானிக்கிறது. வியர்த்து நசநசக்கிறதா என்பதை மேலே இருக்கும் உறை தீர்மானிக்கிறது. மெஷ் நாற்காலியில் மட்டும் இரண்டு வேலையையும் ஒரே வலை செய்கிறது; அதன் நிறையும் குறையும் அங்கிருந்துதான் வருகின்றன. மலேசியாவில், நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் சேரும்போது இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பெரிதாகிவிடுவதும் உண்டு. குளிர்நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகளை அப்படியே நம்பி வாங்கினால் ஏமாற்றம் வருவது இதனால்தான்.

முதல் படி: எங்கே உட்காரப்போகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரே நாற்காலி இரண்டு அறைகளில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2010ல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதி, அலுவலகத்துக்கு 23 முதல் 26 டிகிரி வெப்பமும் 40 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை என்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அலுவலகத்திலோ சைபர்ஜெயா அழைப்பு மையத்திலோ உட்காருகிறவருக்கு இந்தச் சூழல் ஓரளவு கிடைத்துவிடும். வங்சா மாஜூ அடுக்குமாடி வீட்டில் காற்றாடியை மட்டும் நம்பி வேலை செய்கிறவருக்குப் பிற்பகலில் அறை 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஈரப்பதமும் பல நேரம் 70ஐத் தாண்டும்.

ஆகவே ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: அறையில் ஏர்கோன் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள், உங்கள் எடை என்ன, அதே நாற்காலியில் வேறு யாரும் உட்காருகிறார்களா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஷிப்ட் முறையில் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் நாற்காலியில் ஃபோமுக்கு மீண்டும் எழும்ப நேரமே கிடைக்காது. சாதாரண அலுவலகத்தில் பல ஆண்டு உழைக்கும் அதே ஃபோம் அங்கே சீக்கிரமே படுத்துவிடும். நாள் முழுக்க ஓடும் வேலையிடங்களுக்கென்றே பிரிட்டனில் பிஎஸ் 5459-2 என்ற தனித் தர அளவுகோல் இருக்கிறது. 150 கிலோ வரை எடையுள்ளவர்கள், நாளொன்றுக்கு 24 மணி நேரம் வரை பயன்படுத்துவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நிறுவனத்துக்கு மொத்தமாக வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் பிஃப்மா எக்ஸ்5.1 என்ற அமெரிக்கத் தரச் சான்று நாற்காலி உடையாது, கவிழாது, உழைக்கும் என்பதற்கானது. உட்கார சுகமாக இருக்குமா என்பதை அது சோதிப்பதில்லை.

இரண்டாம் படி: தொல்லை எங்கே என்று பாருங்கள்

நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள் பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் அந்த இரண்டு மேடுகளும் தட்டுப்படும். நல்ல இருக்கை அந்த இடத்தில் குழிந்து, சுற்றியுள்ள சதையும் தொடையும் பாரத்தில் பங்கெடுக்கும்படி செய்யும்.

மேடுகள் இரண்டும் வலித்து, அடிக்கடி இடம் மாற்றி உட்காரத் தோன்றினால் ஃபோம் அடிதட்டுகிறது. அதாவது முழுவதும் அமுங்கி, நீங்கள் உட்கார்ந்திருப்பது கீழே இருக்கும் பிளைவுட் பலகையின் மேல். தொடையின் பின்புறம் மரத்துப்போனால் இருக்கையின் முன்விளிம்பு கடினமாக இருக்கிறது, இல்லையென்றால் இருக்கையின் ஆழம் உங்கள் காலுக்கு அதிகம். இரண்டு தொடைகளின் வெளிப்பக்கம் வலித்தால் மெஷ் சட்டமோ, பந்தயக் கார் போலத் தூக்கி வைத்த பக்கச் சிறகுகளோ இடிக்கின்றன. வால் எலும்பு வலிப்பவர் பெரும்பாலும் முன்னே சரிந்து உட்காருகிறார். அதற்கு அளவுக்கு மீறிய மென்மையும் ஒரு காரணம். எழுந்திருக்கும்போது கால்சட்டை ஒட்டிக்கொண்டு வருவது, வேர்க்குரு, தொடை இடுக்கில் அரிப்பு, படர்தாமரை எல்லாம் உறையின் வேலை. காலில் மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினாலோ மரமரப்பு எழுந்த பிறகும் நீங்காவிட்டாலோ நாற்காலியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

மூன்றாம் படி: ஃபோமைப் படியுங்கள்

நாற்காலிகளில் இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம். இதில் இரண்டு குணங்களைக் கடைக்காரர்களே கலந்து பேசுவார்கள்: அடர்த்தி, கடினம். அடர்த்தி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை. அது எத்தனை காலம் உழைக்கும் என்பதைச் சொல்கிறது. கடினம் என்பது அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. உட்காரும்போது கிடைக்கும் உணர்வைச் சொல்கிறது. அடர்த்தி அதிகமான ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கல்லைப்போலவும் இருக்கலாம். மலிவு நாற்காலிகளில் நடப்பது இதுதான்: 25 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமையே கடினமாகத் தயாரித்துப் போட்டுவிடுவார்கள். கடையில் "நல்லா டைட்டா இருக்கு" என்று தோன்றும். சில மாதங்களில் நடுவில் குழி விழுந்துவிடும்.

நாள் முழுக்க உட்காருவதற்கு 45 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி வேண்டும். எடை 90 கிலோவைத் தாண்டியவர்கள் 55க்கு மேல் தேடுங்கள். கனம் 5 முதல் 7.5 செ.மீ. போதும். 10 செ.மீ.க்கு மேல் பருமனாகப் போட்ட மென்மையான ஃபோம் படத்தில் அழகாக இருக்கும். இடுப்பு அதில் புதைந்து, அசைந்து உட்காரவே முடியாமல் போகும்.

அடர்த்தியை வீட்டுச் சமையல் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். ஃபோம் துண்டின் நீளம், அகலம், கனம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்குங்கள். எடையைக் கிராமில் எடுத்து அந்தத் தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். 45க்கு 45, கனம் 5 செ.மீ. உள்ள துண்டு ஏறத்தாழ 450 கிராம் இருந்தால் அடர்த்தி 45. அதே துண்டு 250 கிராம்தான் இருந்தால் அது 25. குஷன் கடையில் "ஹை டென்சிட்டி" என்று சொல்லித் தரும் துண்டைத் தராசில் போட்டால் பேச்சு மாறிவிடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல நிறத் துணுக்குகளை ஒட்டிச் செய்த ரீபாண்ட் ஃபோமைத் தராசில் போட்டால் 80க்கும் மேலே காட்டும். எடை இருக்கும், எழும்பும் குணம் இருக்காது. அடித்தட்டாக 2 செ.மீ. போட அது நல்லது. முழு இருக்கையையும் அதிலேயே செய்தால் பலகையில் உட்காருவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

கேட்க வேண்டிய பெயர் எச்ஆர் ஃபோம், அதாவது நன்றாக மீண்டெழும் வகை. தயாரிப்பாளரின் விவரத்தாள் கிடைத்தால் அதில் தாங்குதிறன் விகிதம் என்று ஓர் எண் இருக்கும். ஃபோமை 65 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையை, 25 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையால் வகுத்த கணக்கு அது. சாதாரண ஃபோமில் 1.8 முதல் 2 வரை இருக்கும். எச்ஆர் வகையில் 2.4, அதற்கும் மேலே. எண் கூடக்கூட, தொட்டவுடன் மென்மையாகவும் பாரம் இறங்க இறங்க உறுதியாகவும் இருக்கும். எலும்பு மேடுகளுக்கு வேண்டியது துல்லியமாக இந்தக் குணம்தான்.

செய்முறையிலும் இரண்டு வகை உண்டு. பெரிய கட்டியிலிருந்து அறுத்து எடுப்பது ஒன்று. அச்சில் ஊற்றி வார்ப்பது மற்றொன்று. வார்த்த ஃபோமுக்கு மெல்லிய தோல்போன்ற மேற்பரப்பும், இருக்கையின் வளைவுக்கேற்ற வடிவமும் இருக்கும். முன்விளிம்பு அருவிபோல் கீழே வளைந்து இறங்குவது வார்ப்பில் சுலபமாக வரும். அறுத்த ஃபோமில் அந்த வளைவைக் கையால் சீவ வேண்டும். மலிவு நாற்காலியில் யாரும் சீவுவதில்லை.

மெமரி ஃபோம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1966ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கை ஆய்வில் பிறந்த பொருள் இது. வெப்பத்துக்கு வெப்பம் குணம் மாறும்: 20 டிகிரி அறையில் இறுகும், 31 டிகிரியில் தளரும். காற்றாடி மட்டுமுள்ள வீட்டில் முழு மெமரி ஃபோம் இருக்கை மதியத்துக்குள் குழைந்து, எலும்பு மேடுகள் பலகையைத் தொட்டுவிடும். உடல் சூட்டையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஏர்கோன் அறையில், எச்ஆர் ஃபோமுக்கு மேலே 2 செ.மீ. அளவில் மட்டும் போட்டால் நன்றாக உழைக்கும். அதன்மேல் ஒட்டும் நீலநிற ஜெல் படலம் உட்கார்ந்தவுடன் ஜில்லென்று இருக்கும். உடலின் சூட்டை வாங்கி நிறைந்தபின் மற்ற ஃபோமைப்போல்தான். கடையில் ஐந்து நிமிடம் உட்காருகிறவருக்காகவே செய்ததுபோல் இருக்கும்.

லேட்டக்ஸ் நம் ஊர்ப் பொருள். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வடித்த பாலை நுரைக்க வைத்து, அச்சில் ஊற்றி, சூட்டில் இறுக்குகிறார்கள். லேட்டக்ஸ் மெத்தையும் குஷனும் மலேசியாவிலேயே தயாராகின்றன, கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. நடுவில் இருக்கும் ஊசித் துளைகள் வழியே காற்றும் ஓடும். அழுத்தம் நீங்கியவுடன் எழும்பும் வேகத்தில் சாதாரண ஃபோமை மிஞ்சும். குறை என்னவென்றால் வெயில். மேற்கு நோக்கிய கண்ணாடிச் சன்னலருகே உறையில்லாமல் வைத்தால் மேற்பரப்பு மஞ்சளாகி, இறுகி, பொடிப்பொடியாக உதிரும். எண்ணெயும் அதற்கு ஆகாது. லேட்டக்ஸ் கையுறை போட்டால் அரிக்கும் உடம்பு உள்ளவர்கள் இதைத் தவிர்க்கட்டும். மற்றவர்களுக்கு, வீட்டில் காற்றாடியின் கீழ் வேலை செய்வதென்றால் 5 செ.மீ. துளையிட்ட லேட்டக்ஸும் அதன்மேல் துணி உறையும் மெமரி ஃபோமைவிடப் பல மடங்கு மேல்.

இலவம் பஞ்சுத் திண்டும் பிரம்பு இருக்கையும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டியாகும். பிரம்பில் காற்றோட்டத்துக்குக் குறையில்லை. தொடையில் வரி பதிந்துவிடும். பிரம்பின் மேல் 3 செ.மீ. லேட்டக்ஸ் போட்டால் ஒரு மணி நேர வேலைக்குப் போதும்.

நான்காம் படி: உறை

இருக்கைக்கும் தோலுக்கும் நடுவே வெப்பம் சில பத்து நிமிடங்களில் தோலின் சூட்டை நெருங்கிவிடும். வியர்வை ஆவியாகி வெளியேற வழி இருந்தால் உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். வழி அடைபட்டால் தோல் நனைந்து மென்மையாகி, துணியோடு உரசும்போது புண்ணாகும். பியூ (பாலியூரித்தேன்) லெதர், பிவிசி, சிலிக்கான் லெதர் மூன்றும் இந்த வழியை அடைத்துவிடுகின்றன. "மூச்சுவிடும் லெதர்" என்று விளம்பரத்தில் போடும் சிறு துளைகள், அடியில் ஃபோம் அமுங்கியிருக்கும்போது பெரிதாக உதவுவதில்லை.

பியூ லெதர் இரண்டு மூன்று ஆண்டில் உரிந்து கறுப்புச் செதில்களாகச் சட்டையில் ஒட்டுவதை அனுபவிக்காத வீடு குறைவு. நீங்கள் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தியதால் வருவதல்ல அது. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன், வெப்பமும் ஈரமும் சேரும்போது தண்ணீராலேயே மூலக்கூறு மூலக்கூறாக அறுபடுகிறது. நம் ஊரில் ஆண்டு முழுக்க இரண்டும் உண்டு. பயன்படுத்தாமல் ஸ்டோரில் வைத்திருந்தாலும் உரியும். தயாரிப்பாளர்கள் இதை 70 டிகிரி, 95 விழுக்காடு ஈரப்பதத்தில் வாரக் கணக்கில் வைத்துச் சோதிக்கிறார்கள். "ஜங்கிள் டெஸ்ட்" என்பார்கள். பாலிகார்பனேட் அடிப்படையிலான பியூ அதிக வாரங்கள் தாங்கும். விற்பவரிடம் அந்த எண் இல்லையென்றால் சாதாரண வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிவிசி இப்படி அறுபடாது. மென்மைக்காகக் கலந்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் வெளியேறி, விறைத்து வெடிக்கும். துணுக்குத் தோலை ஒட்டிச் செய்யும் பாண்டட் லெதர், பெயரில்தான் தோல். மேலே இருப்பது பியூ படலம், அதுவும் உரியும்.

உண்மைத் தோல் நன்றாக உழைக்கும். ஆனால் வார இறுதியில் ஏர்கோன் அணைத்த அறையில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும்.

துணியே நம் ஊருக்குப் பொருத்தம். பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது தேய்மானம்: துணி எத்தனை உரசல் தாங்கும் என்று சொல்லும் மார்ட்டின்டேல் எண் 30,000க்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டாவது காற்று: துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். பின்புறம் ஒரு படலம் பூசிய துணியில் காற்று திரும்பி முகத்தில் அடிக்கும். அதை வாங்கினால் பெயருக்குத்தான் துணி. மூன்றாவது ஈரம்: ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் கறை பிடிக்காது, வியர்வையையும் உறிஞ்சாது. பரவி மறைந்தால் வியர்வையைப் பரப்பி உலர்த்தும். இரண்டையும் ஒரே துணியில் எதிர்பார்க்க முடியாது. காப்பி கொட்டுவது மாதம் ஒருமுறை, வியர்ப்பது நாள்தோறும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வலைத் துணிகளுக்கு நடுவே நூல்கள் நிமிர்ந்து நிற்கும் சாண்ட்விச் மெஷ், எச்ஆர் ஃபோமுக்கு மேல் போட மிகச் சிறந்தது. 3 முதல் 6 மி.மீ. கனத்தில் கிடைக்கும்; அமுங்கினாலும் பக்கவாட்டில் காற்றுக்கு வழி விடும்.

ஐந்தாம் படி: மெஷ் இருக்கை வேண்டுமா?

வியர்வையை மட்டும் கேட்டால் மெஷ்ஷுக்கு இணை இல்லை. எலும்பைக் கேட்டால் யோசிக்க வேண்டும். வலை நான்கு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டது. நடுவில் உட்காருகிறவர் தூளியில் கிடக்கும் குழந்தைபோல உள்ளிறங்க, சட்டம் தொடையின் பக்கங்களிலும் முன்புறத்திலும் மேலேறி நிற்கும். 1994ல் வந்த ஹெர்மன் மில்லர் ஏரோன் நாற்காலியை ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் விற்றதற்கு இதுவும் காரணம்: சட்டம் உடம்புக்கு வெளியே இருந்தாக வேண்டும். 2016ல் அதைத் திருத்தியபோது வலையையே எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி இறுக்கத்தை மாற்றினார்கள். "எல்லாருக்கும் ஒரே அளவு" மெஷ் நாற்காலியில் இந்த வசதி எதுவும் இருக்காது.

வலையின் நூலும் முக்கியம். மலிவு வகை, முதுகுக்குப் போடும் அதே பாலியெஸ்டர் பின்னல். பாரம் தாங்கித் தாங்கி நீண்டு தொய்யும். மறுபடி இறுக்க வழியில்லை. நல்ல வகையில் ரப்பர்போல நீண்டு சுருங்கும் எலாஸ்டோமர் இழைகள் ஊடாடும். கட்டைவிரலால் நடுவில் பலமாக அழுத்தி விடுங்கள்; உடனே சமமானால் நல்லது, மெதுவாக எழும்பினாலோ பள்ளம் நின்றாலோ விட்டுவிடுங்கள். பழைய மெஷ் வாங்கும்போது ஆளில்லாத இருக்கையின் குறுக்கே நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒரே மாடலில் புதியது பக்கத்தில் இருந்தால் ஒப்பிடுவது இன்னும் சுலபம்.

இன்னொன்று: ஏர்கோன் காற்று நேரே தரையை நோக்கி இறங்கும் இடத்தில் மெஷ் இருக்கை தொடையைக் குளிரவைக்கும். மெல்லிய உடை அணிகிறவர்கள் மாலைக்குள் சால்வையை மடித்து அடியில் போடத் தொடங்குவார்கள். அப்படி ஓர் இடம் உங்களுடையது என்றால் துணி இருக்கையும் மெஷ் முதுகும் உள்ளதை எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கலப்பே சரியான தேர்வு.

ஆறாம் படி: கடையில் சோதனை

டாமன்சாரா, செராஸ், பத்து காவான் ஐகியாவோ, பழைய அலுவலகச் சாமான் விற்கும் கிடங்கோ, எங்கே போனாலும் வேலைக்குப் போடும் உடையிலேயே போங்கள். பின் பையிலிருந்து பணப்பையையும் தொலைபேசியையும் எடுத்துவிடுங்கள். 15 நிமிடம் உட்காருங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே நன்றாக இருக்கும்.

உட்கார்ந்தபடியே ஒரு காலை மறுகாலின் மேல் போட்டு, பாரத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். பலகை தட்டுப்பட்டால் ஃபோம் போதாது. முதுகை முழுக்கச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் எந்த ஃபோமும் உங்களைக் காப்பாற்றாது. எழுந்து திரும்பிப் பாருங்கள்: பள்ளம் உடனே மறைய வேண்டும். மெமரி ஃபோம் மேலடுக்கு மட்டும் சில வினாடி எடுத்துக்கொள்ளலாம். பேரங்காடியின் குளிரில் வியர்வையைச் சோதிக்க முடியாது. அதற்கு ஊதிப் பார்ப்பதும் தண்ணீர்ச் சொட்டும்தான் வழி.

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது: ஃபோம் அடர்த்தி எத்தனை, கனம் எத்தனை, அறுத்ததா வார்த்ததா. "ஹை குவாலிட்டி" என்ற பதில், பதில் இல்லை என்பதற்குச் சமம்.

செகண்ட் ஹேண்ட் நாற்காலிகளில் நல்ல பொருள் உண்டு. அலுவலகம் மூடும்போது தரமான சட்டமும் இயந்திரமும் குறைந்த விலைக்கு வரும். ஃபோமும் உறையும் ஆயுள் முடிந்திருந்தாலும் அவற்றை மாற்ற முடியும். புதிய மலிவு நாற்காலியைவிட, பழைய தரமான சட்டமும் புதிய ஃபோமும் பெரும்பாலும் நல்ல பேரம். பியூ உறை என்றால் முன்விளிம்பின் அடிப்பக்கத்தை நகத்தால் கீறுங்கள். பிசுபிசுத்தால் உரியத் தொடங்கியாயிற்று.

ஏழாம் படி: பழைய இருக்கையை மாற்றிப் போடுவது

மேலே ஒரு குஷன் வாங்கிப் போடுவது எளிய வழி. அதற்கு ஒரு விலை உண்டு. 5 செ.மீ. குஷன் உங்களை 2, 3 செ.மீ. உயர்த்தும். நாற்காலியைத் தாழ்த்தினால் கால் தரையில் படும். ஆனால் கைப்பிடியும் இடுப்புத் தாங்கலும் இருக்கையோடு சேர்ந்தவை என்பதால், உங்களோடு ஒப்பிட்டால் கீழிறங்கிவிடும். இரண்டும் உயரம் மாற்றக்கூடியவை என்றால் சரி. இல்லையென்றால் ஃபோமையே மாற்றுங்கள்.

தேவையானவை: அலன் கீ, தட்டை ஸ்க்ரூ டிரைவர், குறடு, கையால் அடிக்கும் ஸ்டேப்பிள் கன், 8 அல்லது 10 மி.மீ. ஊசிகள், ஸ்ப்ரே பசை, கூரான நீளக் கத்தி, 1 செ.மீ. பாலியெஸ்டர் வாடிங் (ஃபோமின் மேல் போர்த்தும் பஞ்சு விரிப்பு), உறைத் துணி முக்கால் மீட்டர். துணிக்குக் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் சோபாத் துணிப் பகுதியைப் பாருங்கள். ஃபோமைக் குஷன் கடையில் உங்கள் அளவுக்கு அறுத்துக் கேளுங்கள்.

1. நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கையை இயந்திரத்தோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பெரும்பாலும் எம்6 அல்லது எம்8. 5 அல்லது 6 மி.மீ. அலன் கீ பொருந்தும். கைப்பிடி போல்ட்டுகள் நீளம் வேறாக இருக்கும், கலந்துவிடாதீர்கள். எது முன்பக்கம் என்று பலகையில் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். மாற்றிப் போட்டால் அருவி வளைவு முதுகுப் பக்கம் போய்விடும்.

2. அடிமூடி பிளாஸ்டிக் என்றால் கிளிப்புகளை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக நெம்புங்கள். உறையின் ஊசிகளை ஸ்க்ரூ டிரைவரால் தூக்கிக் குறடால் பிடுங்குங்கள். பழைய உறையைக் கிழிக்காதீர்கள். அதுதான் புதியதற்கு அளவு.

3. பழைய ஃபோமை உரித்துப் பலகையைப் பாருங்கள். பிளைவுட் கறுத்திருந்தாலோ விண்டிருந்தாலோ 12 மி.மீ. பிளைவுட்டில் புதிதாக அறுங்கள். போல்ட்டுகளைப் பிடிக்கப் பலகைக்குள் பதிந்த டீ-நட்டுகள் ஆடினால் இப்போதே அடித்து இறுக்குங்கள். ஃபோம் ஒட்டிய பிறகு கை போகாது.

4. அடுக்கு: கீழே 2 செ.மீ. ரீபாண்ட், மேலே 5 செ.மீ. எச்ஆர். எடை 60 கிலோவுக்குக் குறைவென்றால் ரீபாண்ட் வேண்டாம், எச்ஆர் மட்டும் போதும். பலகையைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. கூடுதலாக அறுங்கள். முன்விளிம்பில் மேல்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, கடைசி 5 செ.மீ. கீழ்நோக்கி வளையும்படி விடுங்கள். இந்தச் சீவலைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு தொடை மரத்துப்போகிறது என்கிறார்கள்.

5. பசையை ஓரங்களிலும் நடுவில் சில கோடுகளாகவும் மட்டும் தெளியுங்கள். இரண்டு பரப்பிலும் அடித்து, பசை சற்றுக் காய்ந்து ஒட்டும் பதம் வந்தபின் சேருங்கள். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

6. வாடிங்கை மேலே போர்த்தி, பழைய உறையைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. அதிகம் விட்டுத் துணியை வெட்டுங்கள். முன் நடுவில் ஓர் ஊசி, பின் நடுவில் ஓர் ஊசி, பிறகு இடம், வலம். அங்கிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக 3 செ.மீ.க்கு ஒன்று வீதம் அடித்துக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணியின் நெசவு கோணும். மூலையில் மடிப்புகளைச் சின்னச் சின்னதாக விசிறிபோல் எடுங்கள்.

7. துணியை டிரம் அடிப்பதுபோல் இறுக்காதீர்கள். அளவுக்கு மீறி இழுத்த துணி ஃபோமின் வேலையைத் தடுத்து, எலும்பு மேடுகளைத் தூக்கி நிறுத்தும். நல்ல ஃபோம் போட்டும் வலிக்கிறது என்பவர்களின் நாற்காலியில் பெரும்பாலும் இதுவே கோளாறு.

8. போல்ட்டுகளை நான்கையும் கையால் பாதி திருகி, பிறகு குறுக்குமறுக்காக இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை இறுக்குங்கள்.

பலகைக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் ஊசி பிடிக்காமல் போகலாம். அப்போது துணி ஓரத்தில் கயிறு கோத்துச் சுருக்கிக் கட்டும் உறையைத் தையற்காரரிடம் தைக்கச் சொல்லுங்கள். கழற்றித் துவைக்கவும் அது வசதி.

எட்டாம் படி: பராமரிப்பு

புதிய நாற்காலியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே உரித்து எறியுங்கள். "அழுக்காகாமல் இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் நல்ல துணி நாற்காலியையும் பிவிசி நாற்காலியாக்கிவிடுகிறது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சையும் பிடிக்கும்.

துணிக்கு வாரம் ஒருமுறை வேக்கும் (தூசி உறிஞ்சி) போடுங்கள். ஈரப்பதமான ஃபோமில் தூசிப்பூச்சி பெருகும். தும்மல் உள்ளவர்களுக்கு இது முக்கியம். கறைக்கு மிதமான சோப்புத் தண்ணீரில் துணியைப் பிழிந்து துடையுங்கள். ஃபோம் நனையுமளவு ஊற்றக் கூடாது. நனைந்துவிட்டால் காற்றாடிக்கு முன் ஒரு நாள் முழுக்க நிற்க வையுங்கள், வெயிலில் வேண்டாம். திங்கட்கிழமை காலை அறையைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால் நாற்காலிகளின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். ஏர்கோன் அணைந்த இரண்டு நாளில் ஃபோம் ஈரம் குடித்திருக்கும்.

பியூ லெதர் வைத்திருப்பவர்கள் கை கழுவும் ஆல்கஹாலால் அதைத் துடைக்க வேண்டாம், மேற்பூச்சு கரையும். தலைசாய்க்கும் பகுதியில் தேங்காய் எண்ணெய் தொடர்ந்து பட்டாலும் அதே கதி. ஒரு பருத்தித் துண்டைப் போட்டுவையுங்கள். உரியத் தொடங்கியதை ஒட்டவைக்க விற்கும் பசைகளும் சாயங்களும் சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை, ஏனென்றால் உரிந்த இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் படலமும் உள்ளுக்குள் அறுந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணத்தில் முக்கால் மீட்டர் துணி வாங்கிவிடலாம்.